ரெண்டு பேர் வாங்கோ

எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது.
நாலு கதவும் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
சாக்குப் போர்த்தி அடுக்கிக் கிடக்கின்றன.
மிச்சம் ஒஸ்ரினின் ஓடு மட்டும்.
பழைய ஆஸ்பத்திரிக் கட்டில்களின் சில்லுகளைக் கழற்றி
யூட் ஒட்டிய இரும்புச் சட்டத்தின் மேல்
அது நிற்கிறது.

நிற்கிறது என்று சொல்லக்கூடாது.
எட்டு மணிக்கு முன்வாசலில்.
எட்டரைக்கு எண்ணெய் சிந்தியபடி ஓட்டோவொன்று வர
இடப்பக்கம் நாலடி.
வெல்டிங் பிளக் எட்டாவிட்டால்
மறுபடி வலப்பக்கம்.
பின்னேர வெயில் சரிந்து உள்ளே விழுந்தால்
புட்டி பூசிய பக்கத்தை நிழலுக்குத் திருப்பவேண்டும்.
ஸ்ரியறிங் இல்லை. திருப்புவது என்றால்
பின்பக்கத்தைத் தூக்கி வைப்பது.

"ரெண்டு பேர் வாங்கோ" என்பேன்.
முட்டை லொறிக்காரர் வந்திருக்கிறார்.
பற்றி சார்ஜ் பண்ண வந்த பாதிரியார்
அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.
எவரும் முதலில் மட்கார்டில்தான் கை வைப்பார்கள்.
அங்கே இல்லை ஐயா, அது தகடு, நெளிந்துவிடும்.
கண்ணாடிக்கு முன்னால் உள்ள தூணில்,
உட்பக்கமாக, நாலு விரலும் மடித்து.
இப்ப தள்ளுங்கோ.

ஓட்டோக்கள்தான் வாடகை கட்டுகின்றன.
ஒஸ்ரின் காசு ஸ்காபரோவிலிருந்து
மூன்று மாதத்துக்கு ஒருக்கால்
ஒரு குரல் பதிவோடு வரும்:
"தங்கச்சி, வேலை நகருதோ?"
நகருது அண்ணை.
இன்றைக்கு மட்டும் ஆறு தடவை.

கஜீபன் சுவரில் சோக்கால் அடிக்கணக்கு எழுதுகிறான்.
பதினொரு மாதத்தில் ஏழாயிரம்.
"ரோட்டில எண்டால் இப்ப மருதனார்மடச் சந்தி, அக்கா."
கேற்றை இன்னும் தாண்டவில்லை.
கணக்குக்கு மேலே
இடப்பெயர்வு என்று தலைப்புப் போட்டிருந்தான்.
அழிக்கச் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில்
உரித்துக்காரர் நிறைய இருக்கிறார்கள்.
உருட்டு என்று எழுது, போதும்.

பிறகு பிறைமர் அடித்தோம். சாம்பல் நிறம்.
ஒரு நாள் முழுக்க ஆரும் தொடக்கூடாது.
அந்த இரவு பார்த்து மழை.
பொடியள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
காங்கேசன்துறை வீதி வாய்க்கால்
கேற்றுக்குக் கீழால் உள்ளே வந்தது.
முதலில் ஒரு செருப்பு மிதந்தது,
பிறகு நட்டுப்பெட்டியின் மூடி.
கட்டில் சில்லுகள் தண்ணீரில் நின்றன.
பின்பக்க மேடைக்கு ஏற்றவேண்டும்.
தனியே தோள் கொடுத்துப் பார்த்தேன்.
ஓடு என்னைப் பார்த்ததே தவிர அசையவில்லை.

ரெண்டு பேர் வாங்கோ என்று
எவருக்குமில்லாமல் கத்தினேன்.

வேலிக்கு மேலால் ரோச் வெளிச்சம்.
தவபாலன்.
எட்டு அங்குல நிலத்துக்காக
மல்லாகம் கோட்டில் நாலு வருடமாக
என்னோடு பேசாமல் நிற்கிறவர்.
சாரத்தை மடித்துக் கட்டி
கதியாலுக்குள்ளால் நுழைந்தார்.
"பிறேக் இருக்கோ?"
"இல்லை."
வேறு ஒன்றும் கதைக்கவில்லை.
அவர் ஒரு சாண் தள்ள
நான் காலால் கட்டையை உதைத்து அடைக்க,
பிறகு இன்னொரு சாண்.
எங்கே பிடிப்பது என்று நான் சொல்ல மறந்தேன்.
மேடையில் ஏறியதும்
ரோச்சை நிறுத்திவிட்டு
வந்த வழியே போனார்.

காலையில் யூட் குனிந்து பார்த்தான்.
ஈரப் பிறைமரில் முழுசாக ஒரு இடக்கை.
சுண்டுவிரல் இல்லை.
"ஆற்ற கை அக்கா இது?"
தேய், என்றேன். முந்நூற்றிருபதாம் தாளால்.
தேய்த்தான். நிறையத் தூசி பறந்தது.

வியாழன் தவணை இருக்கிறது.
என்ரை வழக்கறிஞர் புது வரைபடம் கொண்டுவருவாராம்.

பத்து மணிக்கு ஓட்டோ ஒன்று.
ஒஸ்ரினை மேடையிலிருந்து இறக்கவேண்டும்.
"ரெண்டு பேர் வாங்கோ" என்கிறேன்.
வேலிக்கு அங்கால்
ரேடியோச் சத்தம்
கொஞ்சம் குறைகிறது.